இதில் உங்களுக்கு என்ன ஆதாயம்?

"கண்ணை மூடினா தூக்கம் வருதும்மா. நிமிர்ந்து உட்கார்ந்தா மூச்சு வாங்குது. நீங்க கொடுத்த மந்திரம் எனக்குச் சரிப்படல. வேற ஒண்ணு கொடுங்க" என்றார் ஏகாம்பரம்.

திலகவதி அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மந்திரத்துல கோளாறு இல்ல. உங்களுக்கு உடம்பு பெருத்துப்போச்சு. குறைச்சுட்டு வாங்க."

ஏகாம்பரத்துக்கு வயது அறுபத்து மூன்று. அம்மாவுக்கு நாற்பதுகூட நிறையவில்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு பாறைக்குன்றின் மேல் அம்மாவின் மடம். நூற்று நாற்பது படி. மடத்தில் அம்மாவும், சமையலைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தங்கை இருவரும். அவ்வளவு பேர்தான்.

மூன்று மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏகாம்பரம் அந்தப் படிகளை ஏறி வந்துகொண்டிருந்தார். அம்மாவைக் குருவென்று மனதார ஏற்றுக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தார்.

எப்படிக் குறைப்பது என்று கேட்டார்.

"சோத்தைப் பாதியாக்குங்க. அந்த இடத்துல காய், கீரை, பயறு சேருங்க. பட்டினி கிடக்காதீங்க. காலைல நடங்க, முதல்ல கொஞ்ச தூரம், போகப் போக அதிகமா. மாசத்துக்கு ரெண்டு கிலோ இறங்கினா போதும். சர்க்கரைக்கு மாத்திரை போடறீங்க, அதனால டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஏகாம்பரம் காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து மூன்று வருட வேலையில் பெரும்பகுதி குற்றப்பிரிவு. 'அவ்வளவுதான்' என்று சொன்ன ஒருவரும் அவருடைய அனுபவத்தில் அவ்வளவோடு நின்றதில்லை.

படி இறங்கும்போது நான்கு இடத்தில் நின்றார். நான்காவது இடத்தில்தான் அது உறைத்தது.

சர்க்கரைக்கு மாத்திரை போடுவதை அவர் அம்மாவிடம் சொன்னதே இல்லை.

*

முதல் சந்தேகம் மனைவி தனபாக்கியத்தின் மேல் விழுந்தது.

நேராகக் கேட்பது அவர் வழக்கமல்ல. சாப்பிடும்போது, பிரதோஷத்துக்கு எந்தக் கோயிலுக்குப் போனாய் என்று கேட்டார். தெருமுனைக் கோயிலுக்கு என்றாள். மாலையில் பேச்சுவாக்கில், குன்றுமேல் கூட்டம் எப்படி என்று கேட்டார். தான் அங்கே போனதே இல்லை என்றாள். மறுநாள் காபி குடிக்கும்போது இன்னொரு விதமாகக் கேட்டார். அதே பதில்தான் வந்தது.

மூன்று முறையும் ஒரே பதில். சொல்லிக்கொடுத்த சாட்சிதான் அப்படிப் பேசும் என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த சந்தேகம் மடத்தின் மேல்.

மடத்தில் தேனும் நெல்லிப்பொடியும் விற்பார்கள். அதுதான் விஷயம் என்று முடிவு செய்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவே தேன் பாட்டிலை எடுத்து நீட்டுவார் என்று காத்திருந்தார். அம்மா நீட்டவில்லை. கடைசியில் அவரே, இளைப்பதற்குத் தேன் நல்லதாமே என்று பேச்சை எடுத்தார்.

"தேனும் இனிப்புதான். உங்களுக்கு வேண்டாம்."

அவருக்கு அன்று முழுக்க மனசு சரியாக இல்லை.

குன்றின் அடிவாரத்தில் அவருக்கு ஒரு மனை இருந்தது. அதன் மேல் கண் இருக்குமோ என்று யோசித்தார். மடத்துக்கு இடம் போதவில்லையே, கீழே எங்காவது பார்க்கக் கூடாதா என்று தூண்டில் போட்டார். இருக்கிற இடத்தைப் பெருக்கவே பாதி நாள் போகிறது என்று சொல்லிவிட்டு அம்மா துடைப்பத்தை எடுத்தார்.

வீட்டில் அவர் சோற்றைக் குறைக்கவில்லை, நடக்கவும் இல்லை. எதற்காகச் சொன்னார்கள் என்று தெரியாமல் ஒரு சொல்லைக் கேட்பது, முன்பின் தெரியாதவன் கொடுத்த பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது மாதிரி அவருக்கு.

*

ஓய்வு பெற்றவர்கள் சங்கத்துக்கு ஒருநாள் வரதன் என்று ஒருவன் வந்தான். கையில் ஒரு டப்பாவும் புகைப்பட ஆல்பமும் வைத்திருந்தான். தொந்தியோடு ஓர் ஆள், அதே ஆள் தொந்தி இல்லாமல். பக்கத்துக்குப் பக்கம் அப்படி. பதினைந்து நாளில் எட்டு கிலோ என்றான். மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பதில் இந்தப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் போதும் என்றான். ஐயாவைப் பார்த்தால் குண்டு என்றே சொல்ல மாட்டேன், கம்பீரம் என்றுதான் சொல்வேன், ஆனாலும் ஆரோக்கியத்துக்காக என்றான்.

ஏகாம்பரத்துக்கு நெடுநாளைக்குப் பிறகு மனசு லேசானது.

இவன் டப்பாவை விற்க வந்திருக்கிறான். பொய்யும் கொஞ்சம் சொல்கிறான். எல்லாம் வெளிப்படையாக இருக்கிறது. இவனிடம் தோண்ட ஒன்றுமில்லை.

இரண்டு டப்பா வாங்கிக்கொண்டார்.

தனபாக்கியம் டப்பாவைப் பார்த்தாள். ஏதும் கேட்கவில்லை. மூன்று வேளையும் அவர் பொடியைக் கரைத்துக் குடிப்பதைப் பார்த்தாள். அப்போதும் ஏதும் கேட்கவில்லை. இவள் ஏன் கேட்கவில்லை என்று அவர் அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

எட்டு நாளில் ஐந்து கிலோ இறங்கியது. கை நடுங்கியது. கொழுப்பு கரைகிறபோது அப்படித்தான் இருக்கும் என்று வரதன் போனில் சொன்னான்.

ஒன்பதாம் நாள் காலையில், காய்கறிக் கடை வாசலில், முருங்கைக்காய்க் கட்டை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார்.

*

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் தனபாக்கியம் நின்றிருந்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்கியதால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கிவிட்டது என்றாள். அரைமணி நேரம் தாமதமாகியிருந்தால் நான் இப்போது உங்களோடு அல்ல, வேறு யாரோடாவதுதான் பேசிக்கொண்டிருப்பேன் என்றாள். மாத்திரையின் அளவை மாற்றினாள். பிறகு ஒரு தாளில் வரிசையாக எழுதி நீட்டினாள்.

சோறு பாதி. காய், கீரை, பயறு. பட்டினி கூடாது. காலையில் நடை. மாதம் இரண்டு கிலோ.

ஏகாம்பரம் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

"குன்றுமேல இருக்கற திலகவதி அம்மாவை உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"

"யாரு?" என்றாள் டாக்டர்.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிற முகங்களை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். இது அந்தக் கணக்கில் சேரவில்லை.

*

அடுத்த வெள்ளிக்கிழமை படியேற ஏழு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

அம்மா முற்றத்தில் பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் வணங்கவில்லை. உட்காரவும் இல்லை. நடந்ததையெல்லாம் நின்றபடியே சொன்னார். வரதன், பொடி, காய்கறிக் கடை, டாக்டரின் தாள் எல்லாவற்றையும். அம்மா முறத்தை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"நேராவே கேக்கறேன். என் உடம்பு குறைஞ்சா உங்களுக்கு என்ன ஆதாயம்?"

"இருக்கு" என்றார் அம்மா.

ஏகாம்பரம் நிமிர்ந்தார். நாள்கணக்கில் வாய் திறக்காத கைதி தொண்டையைக் கனைக்கும்போது ஏற்படும் பழைய பரபரப்பு அவருக்குள் எழுந்தது.

"நீங்க படியேறும்போது மூச்சு வாங்கற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. என்னிக்காவது ஒருநாள் பாதிப் படியில விழுந்துடுவீங்க. நாங்க இங்க மூணு பொம்பளைங்க. உங்களைக் கீழ இறக்க எங்களால ஆகாது."

அவர் காத்திருந்தார். அதற்கு மேல் ஏதும் வரவில்லை.

"சர்க்கரை மாத்திரை போடறேன்னு யார் சொன்னா?"

"நீங்கதான். பிரசாதம் கைக்கு வர்றதுக்கு முன்னால சட்டைப்பையிலேர்ந்து எடுத்து வாயில போட்டுக்கறீங்க. வாராவாரம் பாக்கறேன்."

பயறிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி அம்மா வெளியே எறிந்தார்.

"பொடி விக்கறவனை நம்பினீங்க. என்னை ஏன் நம்பல?"

ஏகாம்பரம் யோசித்தார். அந்த இடத்தில் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"அவனுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரிஞ்சுது."

அம்மா முதல்முறையாக முறத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு முன்னால, உங்க முகத்துக்கு நேரா உண்மையைச் சொன்னது யாரு?"

ஏகாம்பரம் கீழே இருந்த முறத்தைப் பார்த்தார்.

"அவங்களை என்ன செஞ்சீங்க?"

கேட்டுவிட்டு, புடைத்த பயறை அள்ளிக்கொண்டு அம்மா சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

*

படியிறங்கும்போது ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார்.

ஸ்டேஷனில் அவரோடு இருந்தவர்கள் கடைசிவரை கம்பீரம் என்றுதான் சொன்னார்கள். தையற்காரர் வருடா வருடம் இடுப்பில் ஓர் அங்குலம் கூட்டித் தைத்தார், வாய் திறந்ததில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் போனில் அங்கே மழையா என்று கேட்பான், இங்கே வெயில் என்று சொன்னதும் அம்மாவிடம் கொடுங்கள் என்பான்.

அறுபதாவது படிக்கு வந்தபோது ஞாபகம் வந்தது.

பதினெட்டு வருடம் முன்பு. மத்தியானச் சாப்பாடு. தனபாக்கியம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள், "சோத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்களேன். தொப்பை போட்டுடுச்சு."

அவர் என்ன செய்தார் என்பதும் ஞாபகம் வந்தது.

யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். உன் அண்ணனா என்றார். பக்கத்து வீட்டுக்காரியா என்றார். நான் சாப்பிடுவது யார் கண்ணை உறுத்துகிறது என்றார். நான்கு நாள் விடாமல் விசாரித்தார். அவள் முதலில் பதில் சொன்னாள். பிறகு அழுதாள். ஐந்தாம் நாள் தட்டில் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கூடுதலாகச் சோறு போட்டுவிட்டு, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

அந்த அளவு அதன் பிறகு மாறவே இல்லை.

ஏகாம்பரம் படியில் உட்கார்ந்தார். பாறை சுட்டது. நெடுநேரம் அங்கேயே இருந்தார்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று ஆகியிருந்தது. தனபாக்கியம் தட்டை வைத்தாள். சோற்றைக் குவித்தாள். ரசத்தை எடுக்கத் திரும்பினாள்.

"தனம்."

அவள் நின்றாள்.

"எனக்கு எவ்வளவு சோறு போதும்னு நீயே சொல்லு."

முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டனுப்பிய ஆட்கள் அப்படித்தான் அவரைப் பார்ப்பார்கள்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

அந்தக் குரலை அவர் நன்றாக அறிவார். அது அவருடைய குரல்.

"தெரிஞ்சுக்கத்தான்" என்றார்.

அவள் கரண்டியை எடுத்தாள். ஒரு கரண்டிச் சோற்றைத் திரும்ப எடுத்துவிட்டு அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் தடுக்கவில்லை. இன்னொரு கரண்டி எடுத்தாள். காத்திருந்தாள். தட்டில் பாதி வெறுமையானதும் அங்கே கீரையை வைத்தாள், பக்கத்தில் பயற்றம் சுண்டலை வைத்தாள்.

அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

சுவரோரமாக நின்றுகொண்டிருந்தவள் கொஞ்ச நேரம் கழித்து எதிரே வந்து உட்கார்ந்தாள். அவர் சாப்பிடும்போது அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லு."

"தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னுபோகுது."

அவர் கை தட்டிலேயே நின்றது. யார் சொன்னது என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"குறட்டை விடுவீங்க. திடீர்னு சத்தம் நின்னுடும். மூச்சே இருக்காது. அப்புறம் ஒரு உலுக்கு உலுக்கிட்டு மறுபடி வரும். அது வர்ற வரைக்கும் நான் எண்ணிக்கிட்டு இருப்பேன்."

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா."

ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அது எப்போது கருத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எதுவரைக்கும் எண்ணியிருக்கே?"

தனபாக்கியம் சேலைத் தலைப்பை இழுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

"முப்பத்தொண்ணு."