உப்புப் பாயசம் குடித்த சபை

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால், செம்பூர் நாட்டை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. கெட்ட சேதி மட்டும் எந்த வேளையிலும் அவனுக்கு ஆகாது. அதைத் தெரிந்துகொண்ட தளவாய் மகுடபதி, ராஜாவைக் குளிர்விக்க ஒரு வழக்கம் கொண்டுவந்தான். சபையில் யார் கெட்ட சேதி சொன்னாலும், சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் தட்டில் வைத்திருக்கும் வேப்பிலை உருண்டையில் ஒன்றை எல்லார் முன்னாலும் மென்று விழுங்க வேண்டும். சபை கைகொட்டிச் சிரிக்கும். அப்புறம் கேட்பானேன்! களஞ்சியம் எப்படி? நலம். கோட்டைச் சுவர்? நலம். குதிரை லாயம்? அதுவும் நலம்தான்!

இப்படி நலமாக இருந்த நாட்டில் ஒரு நாள் பெரிய ஏரி உடைத்துக்கொண்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கதிர் முற்றி நின்ற நெல்லெல்லாம் தண்ணீரோடு போச்சு.

ஏரிக் காவலன் இருளப்பனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். "இதே இடத்தில் நின்று கரை நலம் என்று சொன்னாயே, பாவி!" என்று ராஜா குதித்தான். 

"அழுகின விரலை வெட்டி எறியணும் மகாராஜா. இவனைப் பெண்டாட்டி பிள்ளையோடு நாட்டை விட்டே துரத்துங்கள்" என்றான் மகுடபதி.

அப்போது அமைச்சர் அரியநாச்சி எழுந்தாள். வைத்தியர் குடும்பத்துப் பெண். ராஜாவின் தீராத வயிற்றுவலியைத் தீர்த்துவைத்துத்தான் அமைச்சரானாள். அன்றைக்கு ஆரம்பித்தது மகுடபதிக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, கட்டி காலில் வந்திருக்கிறது. அதற்காகக் காலை மட்டும் பார்த்தால் போதுமா? நாடி பிடிக்காமல் கத்தியை எடுக்கலாமா?"

"ராஜ்யத்துக்கு எங்கேம்மா நாடி இருக்கு? கோட்டை வாசலிலா, கொல்லைப்புறத்திலா?" என்று மகுடபதி நக்கலடித்தான். சபை சிரித்தது.

ராஜாவுக்கு இது வேடிக்கையாகப் பட்டது. "சரி அமைச்சரே, நாளை இதே சபையில் நடக்கப்போகும் விருந்து முடிவதற்குள் நோய் எங்கே என்று காட்டும். காட்டாவிட்டால் இருளப்பனோடு நீரும் மூட்டையைக் கட்டும்!"

மறுநாள் விருந்துக்கு உட்காரும் முன் அரியநாச்சி ஒரு வேர்த்துண்டை நீட்டினாள். "வைத்தியத்தைத் தலையிலிருந்து ஆரம்பிக்கணும் மகாராஜா. இதை மெல்லுங்கள். நாக்கு சுறுசுறுவென்று இழுக்கும், பயப்படாதீர்கள்." ராஜா மென்றான்.

பாயசம் வந்தது. ராஜா ஒரு குவளையை மளமளவென்று குடித்துவிட்டு, "எப்படி இருக்கிறது பாயசம்?" என்று எல்லாரையும் கேட்டான்.

ஐயோ, அந்த முகங்களைப் பார்க்கணுமே! அத்தனையும் உப்பு. ஒருத்தருக்குக் கண்ணில் நீர் வந்தது, ஒருத்தருக்கு விக்கல். ஆனால் எல்லார் பார்வையும் வேப்பிலைத் தட்டுக்குத்தான் போனது.

"அமிர்தம், மகாராஜா!" என்றது சபை.

"இப்படி ஒரு பாயசத்தை என் ஆயுசில் குடித்ததில்லை" என்று மகுடபதி இன்னொரு குவளை வாங்கிக் குடித்தான். அவன் தொண்டை படாத பாடு பட்டது.

அரியநாச்சி இருளப்பனை அழைத்து ஒரு குவளை கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்தான், தட்டைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான். எப்படியும் ஊரை விட்டுப் போகப்போகிறோம், இனிமேல் என்ன?

"உப்புங்க மகாராஜா. வாயில வைக்க முடியல."

"கெட்ட சேதி! கொடுங்கள் உருண்டையை!" என்று மகுடபதி துள்ளினான்.

"பொறு" என்றான் ராஜா. "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே?"

"பாயசத்தில் உப்பைக் கொட்டச் சொன்னது நான்தான், மகாராஜா. நீங்கள் மென்றது நாக்கை மரத்துப்போகச் செய்கிற வேர். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும்" என்றாள் அரியநாச்சி. நாக்கு தெளிந்த பிறகு ராஜா ஒரு மிடறு குடித்தான். தூ தூவென்று துப்பினான்.

"உங்களுக்கு மரத்தது நாக்கு மட்டும்தான். சபைக்கு முழு உடம்பும் மரத்துக் கிடக்கிறது. மரத்த காலில் முள் ஏறினாலும் தெரியாது, புண் புரையோடின பிறகுதான் தெரியும். வலிக்கிறது என்று சொல்கிற நோயாளியின் வாயில் எந்த வைத்தியராவது வேப்பிலையைத் திணித்துச் சிரிப்பாரா, மகாராஜா?"

ராஜா இருளப்பன் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியிருந்தது. "அன்றைக்குக் கரை கசிந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மகாராஜா. சொல்லத்தான் வந்தேன். எனக்கு முன்னால ஒரு கிழவர் உருண்டையை மென்னுக்கிட்டு நின்னார், எல்லாரும் சிரிச்சாங்க. கசப்பைப் பொறுத்துக்குவேன். அந்தச் சிரிப்பை என்னால பொறுக்க முடியாது. நலம்னு சொல்லிட்டுப் போயிட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டான்.

ராஜா தட்டிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றான். முகம் அஷ்டகோணலாகிவிட்டது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"கரையை அடைக்க இருளப்பனே முன்னால் நிற்கட்டும், ஆள் அம்பு நான் தருகிறேன். பயிர் போனவர்களுக்குக் களஞ்சியத்தைத் திறந்துவிடுங்கள். இனிமேல் கெட்ட சேதி கொண்டுவருகிறவருக்கு முதலில் உட்கார ஆசனம், குடிக்க மோர். அதற்கப்புறம்தான் பேச்சு. அமைச்சரே, இனி தினமும் இந்தச் சபையின் நாடியைப் பிடித்துப் பாரும்" என்றான். சொல்லிவிட்டுத் தளவாய் பக்கம் பார்த்தான்.

"மகுடபதி, பாயசம் எப்படி?"

"அது வந்து... மகாராஜா..."

"அமிர்தம் என்றாய் அல்லவா? அந்த அண்டாவை இவன் முன்னால் கொண்டுவந்து வையுங்கள்."

"உப்பு, மகாராஜா! வெறும் உப்பு!" என்று அலறினான் மகுடபதி.

"அப்படி வா வழிக்கு!" என்று ராஜா சிரித்தான். "இவனுக்கு ஆசனம் போடுங்கள், மோர் கொடுங்கள். நம் சபைக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது!"