தட்டோடு வருபவர்

தணிகாசலம் இந்தக் கதையைப் பத்து வருஷமாக நம்பவில்லை. பாதி அவர் கண்ணால் பார்த்தது. மீதியைச் சொன்னது கேன்டீன் மரகதம். சந்தேகமெல்லாம் அந்த மீதியில்தான்.

அவர் கல்லூரியில் வேலைவாய்ப்பு அலுவலர். குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகளை நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்வது அவர் பொறுப்பு.

"அமுலு மறுபடியும் எழுந்துட்டா, மரகதம்மா," என்றார் ஒரு நாள், பதினோரு மணி டீயை வாங்கிக்கொண்டே.

அமுலு செங்கல் சூளையில் வளர்ந்தவள். கணக்கில் கல்லூரியிலேயே முதல். ஆனால் அறைக்குள் யார் வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவாள். சூளையில் மேஸ்திரியின் தலை தெரிந்தால் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது; அந்தப் பழக்கம். மூன்று கம்பெனிகள் 'தன்னம்பிக்கை இல்லை' என்று எழுதிவிட்டுப் போயின. இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதுவும் போனால் சூளைதான்.

"நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"யாருக்கும் எழாதேன்னு."

"எனக்குமா?"

"உங்களுக்கு எதுக்கும்மா எழணும்?" என்றவர், சட்டென்று டீயை வாயில் வைத்துக்கொண்டார்.

மரகதம் சிரித்தாள். "நாளைக்கு இன்டர்வியூ ஒத்திகை இருக்குல்ல? எனக்கு முட்டி வலி. டீத் தட்டை நீங்க தூக்கிட்டுப் போங்க சார்."

"நாளைக்கு வரப்போற வலி இன்னிக்கே தெரியுதா?"

"தெரியுது."

மறுநாள் தட்டோடு போனார். கதவைத் தோளால் தள்ள வேண்டியிருந்தது. அமுலுவைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேராசிரியர்களும் நிமிரவே இல்லை. கையை மட்டும் நீட்டினார்கள்.

அமுலு எழுந்தாள். மேசையில் கிடந்த காகிதங்களை ஒதுக்கி இடம் பண்ணினாள்.

வெளியே மரகதம் காத்திருந்தாள்.

"எழுந்தாளா?"

"எழுந்தா."

"உங்களுக்கா, தட்டுக்கா?"

தணிகாசலம் அதைச் சாயங்காலம் அமுலுவிடமே கேட்டார்.

"கனமா இருந்துச்சே சார்," என்றாள் அவள்.

அவர் தன் பாடத்தைத் திருத்தினார்: "சுமையோட வர்றவங்களுக்கு எழு. வெறுங்கையோட வர்றவங்களுக்கு வேண்டாம்."

கடைசி கம்பெனி வந்தது. அவருக்கு உள்ளே அனுமதி இல்லை. டீ கொண்டுபோன மரகதம்தான் வந்து சொன்னாள்.

"என்னைப் பார்த்து எழுந்தா. இடம் பண்ணிக் குடுத்தா. உட்கார்ந்தா. நான் டீ ஊத்தறப்போ அவங்க பெரிய அதிகாரி லேட்டா உள்ள வந்தாரு. கேள்வி கேட்டவங்க மூணு பேரும் துள்ளி எழுந்தாங்க. இவ எழலை. உட்கார்ந்தே வணக்கம் சொன்னா."

"அவரு?"

"பார்த்தாரு. அப்புறம், 'சொல்லிட்டிருந்ததை முடிங்கம்மா'ன்னாரு."

வேலை கிடைத்தது. அமுலு இப்போது புனேயில் இருக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் ஃபோன் செய்வாள். அவளிடம் இதைக் கேட்க அவருக்குத் தைரியம் வந்ததில்லை.

சூளையில் வளர்ந்தவள் அப்படி உட்கார்ந்திருப்பாளா? அவர் மனம் குளிரட்டும் என்று மரகதம் இட்டுக்கட்டியதோ? உண்மையென்றால் அது இன்னும் மோசம். அவருடைய ஒரு வார்த்தையை நம்பி அந்தப் பெண் கடைசி வாய்ப்பைப் பணயம் வைத்திருக்கிறாள்.

போன வாரம் மரகதத்தை நிறுத்தினார். நிஜமா என்றுதான் கேட்க வாயெடுத்தார். வந்தது வேறு.

"மரகதம்மா, உட்கார்ந்தே வணக்கம் சொன்னாளே, அப்போ மேசைக்கு அடியில அவ கால் நடுங்குச்சா?"