அலுங்கும் நடுக்காட்டு அலுவலகமும்

நடுக்காட்டில், மூன்று தடங்கள் கூடும் குளக்கரை மேட்டில், ஓர் அலுங்கு வளை தோண்டி வாழ்ந்துவந்தது. அதன் உடம்பு முழுவதும் ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள். வாயில் பல் கிடையாது, நாக்கு மட்டும் நீளம். கறையான்தான் அதற்குச் சாப்பாடு. பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலால் மூடி, பந்துபோல் சுருண்டுவிடும். பயம் அதற்கு அடிக்கடி வந்தது.

போன மழைக்காலத்தில் வளைக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. மழை ஓயும்வரை அலுங்கு எதிரே இருந்த நாவல் மரத்தில், ஒரு கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. அந்தக் கிளையைப் பார்த்தாலே இப்போதும் அதற்கு வால் வலிக்கும்.

அதனால் யானைத் தலைவர் ஒருநாள் வந்து, "காட்டுக்கு ஓர் அலுவலகம் கட்டப்போகிறோம். உன் மேடுதான் தோதான இடம்" என்று சொன்னதும் அலுங்கு மறுக்கவில்லை.

"தாராளமா எடுத்துக்குங்க தலைவரே. ஆனா கிழக்கு மூலையில எனக்கு ஒரு அறை வேணும். நனையாத அறை."

"தந்தோம்! கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று நீயே ஒரு மாதிரி செய்து காட்டு."

அதுவரை தலைவர் வெயிலில் நின்றுதான் வழக்குக் கேட்டுவந்தார். யார் முதலில் தண்ணீர் குடிப்பது, யாருடைய கிளையில் யார் உட்கார்ந்தது என்று நாள் முழுவதும் வழக்கு. மழை வந்தால் வாதியும் பிரதிவாதியும் ஒரே புதருக்குள் ஓடி ஒதுங்குவார்கள். எந்தப் புதரும் கொள்ளாத தலைவர் மட்டும் தனியாக நின்று நனைவார்.

கட்டும் வேலை கறையான்களுக்குப் போனது. மண் பூசுவதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. கறையான் மேஸ்திரி தலைவரின் தந்தத்தில் ஏறி நின்றுகொண்டு பேசியது.

"வேலையை முடிச்சுக் குடுத்துடுவோம். ஆனா அந்த அலுங்கு எங்க பக்கம் தலைகாட்டக் கூடாது! எங்க ஆள் ஒருத்தனை அது நக்கினாலும் சரி, பக்கத்துல வந்து மூச்சு விட்டாலும் சரி, அன்னைக்கே எல்லாரும் கிளம்பிடுவோம்!"

"அவள் வரமாட்டாள். நான் பொறுப்பு."

அலுங்கு அன்றிலிருந்து எறும்பு தின்றது. எறும்பு அதற்குப் பிடிக்காது. புளிக்கும். ஆனாலும் அறையை நினைத்துக்கொண்டு தின்றது.

குளத்துக் களிமண்ணை எடுத்து மாதிரி செய்தது. மூன்று வாசல் வைத்தது. யானைக்கு ஒன்று, மானுக்கும் நரிக்கும் ஒன்று, முயல் போன்றவர்களுக்கு ஒன்று. உள்ளே வழக்குக் கேட்க ஒரு கூடம். கூரையில் தன் முதுகைப்போலவே அடுக்கடுக்காக ஓடு. கிழக்கு மூலையில் ஒரு சின்ன அறை. அந்த அறையை மட்டும் திரும்பத் திரும்ப நாக்கால் வழித்து மெழுகியது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பொதுக் காரியம் எதுவானாலும் எல்லோரும் கருத்துச் சொல்ல வேண்டும். கருத்தே இல்லாதவர்களும் சொல்ல வேண்டும். சொன்ன கருத்தைத் தலைவர் தள்ளக் கூடாது.

கருத்துச் சொல்லும் நாள் காலையில், அலுங்கு மாதிரியைப் பாறைமேல் வைத்து ஒரு தேக்கிலையால் மூடியது. பாறைமேலேயே அதன் பக்கத்தில் நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டது. "இது வாசல். இது கூடம். இது என் அறை. இது வாசல். இது கூடம்..."

முதலில் எருமை வந்தது. பாறையைப் பார்த்தது.

"அட, உக்கார்றதுக்கு இலை போட்டு வெச்சிருக்காங்களே! மரியாதை தெரிஞ்சவங்க!" என்று சொல்லி இலைமேல் உட்கார்ந்தது.

சதக்கென்று ஒரு சத்தம்.

அலுங்கு வாயைத் திறந்தது. அதே நொடியில் காடே திரண்டு பாறையை நோக்கி வந்தது. அத்தனை கால்களையும் குரல்களையும் ஒன்றாகக் கேட்டதும் அலுங்கு, வழக்கம்போல், சுருண்டுவிட்டது.

எருமைக்கு அடியில் ஈரமாக இருந்தது. அது எழுந்து கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொண்டது. இலை கிழிந்துபோனதால் மாதிரியும் அதன் பின்புறத்தில் அப்பிக்கொண்டு கூடவே போனது. எருமைமேல் ஒட்டியிருக்கும் சேற்றை யார் உற்றுப் பார்ப்பார்கள்?

"மாதிரி இதோ இருக்கிறது" என்றார் யானைத் தலைவர். "அலுங்கைத்தான் காணோம்."

"அவளுக்குக் கூச்சம் தலைவரே! வெச்சுட்டு ஓடியிருப்பா. நாம ஆரம்பிக்கலாம்" என்றது நரி.

எல்லோரும் அலுங்கைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"பலாப்பழம் மாதிரி இருக்குதே!" என்றது குரங்கு.

"எனக்குப் பலாப்பழம் ஆகாது. ஆனாலும் கட்டட்டும்" என்றது மான்.

மயில் இரண்டு முறை சுற்றி வந்தது. "ஒரே மண் நிறம்! பார்க்கிறவங்க நம்மைப் பத்தி என்ன நினைப்பாங்க? உச்சியில விசிறி விரிச்சாப்போல ஏதாவது வெச்சாத்தான் ஒரு களை வரும்."

"யாரு விசிறியைப் போல?" என்றது குரங்கு.

"பொதுவாச் சொன்னேம்ப்பா!"

அப்போது முயல் முன்னால் வந்து, "என்ன இது? வாசலைக் காணோமே!" என்று கத்தியது.

அலுங்கின் நெஞ்சு துள்ளியது. கேளு தங்கம், இன்னும் சத்தமாகக் கேளு என்று உள்ளுக்குள் கெஞ்சியது.

"ரொம்பச் சரி!" என்றது முயல். "வாசல்னு ஒண்ணு இருந்தாத்தானே நரியண்ணன் நம்ம பின்னாலயே உள்ளே வருவாரு? அலுங்கக்கா அலுங்கக்காதான்! நம்ம பயம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன்" என்றது நரி. "வாசல் இருந்தா, உள்ளே வந்த முயலெல்லாம் வெளியே போயிடுது."

யானைத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நரியும் முயலும் ஒரே கருத்து! இந்தக் காட்டில் இதுவரை இப்படி நடந்ததில்லை! வாசல் கிடையாது. முடிந்தது. மேஸ்திரி, அளவெடு!"

கறையான்கள் வரிசையாக அலுங்கின்மேல் ஏறின. முதுகில் நடந்தன. வாலில் நடந்தன. பல நாள் எறும்பு தின்றிருந்த அலுங்கின் மூக்கு நுனிக்கு அருகே நின்று, இரண்டு கொழுத்த கறையான்கள் அளவைப்பற்றிச் சண்டை போட்டன. அலுங்குக்கு எச்சில் ஊறியது. அது நாக்கை நாலாக மடித்து வைத்துக்கொண்டது.

"ஓடெல்லாம் நல்ல உறுதி. ஆனா லேசா நடுங்குதே?" என்றது மேஸ்திரி.

"காத்து" என்றது நரி.

அலுங்கு யோசித்தது. இப்போது "இது நான்" என்று சொன்னால் கறையான்கள் அலறிக்கொண்டு ஓடிவிடும். கட்டடம் இல்லை. அறை இல்லை. மறுபடியும் நாவல் மரக் கிளை. சொல்லாவிட்டால் கட்டடமாவது எழும்பும். ஒரு வாசலை அப்புறம் இடித்து வைத்துக்கொள்ளலாமே!

அது சுருண்டே கிடந்தது.

மேட்டில் கட்டடம் வளர்ந்தது. அலுங்கு தூரத்துப் புதரிலிருந்து பார்த்தது. உருண்டையாக, ஓடு ஓடாக, ஒரு மலை அளவுக்குத் தானே சுருண்டு கிடப்பதைப் பார்க்க அதற்கு ஒரு மாதிரியாக இருந்தது. உச்சியில் விசிறி வேறு முளைத்திருந்தது. மனசு பொறுக்காமல் ஒருநாள் தலைவரைத் தேடிக் குளத்துக்குப் போனது.

"தலைவரே, அந்த வாசல்..." என்று தொடங்கியது.

தும்பிக்கையில் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்த தலைவர் சடாரென்று திரும்பினார். அலுங்கு சுருண்டுவிட்டது.

தலைவர் குனிந்து தரையைப் பார்த்தார். "அலுங்கின் குரல் கேட்டதே? அட, இன்னொரு மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்!"

"இது சின்னதா இருக்கு. காவலாளிக்கா இருக்கும்" என்றது பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மயில். "இதுக்கும் விசிறி வேணும்."

பெரிய கட்டடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று எழும்பியது. அதற்கும் வாசல் இல்லை. மறுபடியும் போனால் ஒரு தெருவே உருவாகிவிடும் என்று அலுங்கு பயந்தது. அதற்குமேல் அது போகவில்லை.

திறப்பு விழா அன்று வானம் கறுத்துக் கிடந்தது. தலைவர் மாலை போட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் கட்டடத்தைப் பார்த்து, ஆகா என்றார்கள். முதல் துளி விழுந்தது.

"வாருங்கள், உள்ளே போவோம்!" என்றார் தலைவர்.

"வாசல் அந்தப் பக்கமா இருக்கும்" என்றது மான். அன்று எடுத்த முடிவு ஒருவருக்கும் நினைவில்லை.

அந்தப் பக்கம் போனார்கள். அங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் போனார்கள். கட்டடம் வட்டம். கடைசியில் நடந்தவர் முதலில் நடந்தவருக்கு முன்னால் வந்துவிட்டார். வரிசை நகர்கிறதே, முன்னால் இருப்பவர்கள் உள்ளே போகிறார்கள்போல என்று எல்லோரும் நம்பி நடந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. குரங்கு மட்டும், "இந்த எருமையை நான் நாலாவது தடவை பாக்குறேனே!" என்று நின்றது.

"வாசல் வேண்டாம் என்று யார் சொன்னது?" என்று தலைவர் பிளிறினார்.

"நாங்களா வெச்சோம்? மாதிரியில இல்லை. நல்லா இருக்குன்னுதானே சொன்னோம்!" என்றது முயல்.

"அலுங்கைக் கூப்பிடுங்கள்!"

அலுங்கு புதரிலிருந்து நனைந்துகொண்டு வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குச் சுருள வேண்டும்போல் இருந்தது. தலை தானாகவே வயிற்றை நோக்கிக் குனிந்தது. கஷ்டப்பட்டு நிமிர்ந்தது.

"அது மாதிரி இல்லை, தலைவரே. அது நான்."

"எது நீ?"

"பாறைமேல இருந்தது. குளத்தங்கரையில இருந்ததும் நான்தான்."

கறையான் மேஸ்திரி எல்லோருடைய கால்களுக்கும் இடையே புகுந்து முன்னால் வந்தது.

"அப்போ... நாங்க ஏறி நடந்தது?" என்றது மேஸ்திரி மெல்ல.

"என் முதுகுலதான், மேஸ்திரி."

ஒரு கறையான்கூட அங்கே நிற்கவில்லை. மண்ணில் இருந்த எல்லா விரிசல்களிலும் புகுந்துகொண்டன.

"பரவாயில்லை!" என்று கத்தியது அலுங்கு. வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தம் போட்டது. "நான் தோண்டுறேன்! ஒரு வாசல் தோண்டிட்டா எல்லாரும் உள்ளே போயிடலாம்!"

கிழக்குப் பக்கச் சுவரில் நகத்தை ஊன்றியது. மண் பாறைபோல் இறுகியிருந்தது. தோண்டியது. தலை உள்ளே போனது. உடம்பு போனது. வாலும் போனது. எல்லோரும் துளையின் வாயில் கூடி நின்றார்கள். மண் வந்து விழுந்துகொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து, கட்டடத்தின் எதிர்ப்பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு அலுங்கின் மூக்கு வெளியே வந்தது.

"உள்ளே எப்படி இருக்கு அலுங்கக்கா?" என்றது முயல் ஆசையாக.

"உள்ளேன்னு ஒண்ணு இல்லை. முழுக்க மண்."

தலைவர் மேஸ்திரியைத் தேடிக் குனிந்தார். விரிசலின் அடியாழத்திலிருந்து பதில் வந்தது.

"உள்ளே எப்படி இருக்கணும்னு யாரும் கருத்துச் சொல்லலையே!"

அலுங்கு தோண்டிய துளைக்குள்ளும் தண்ணீர் ஓடத் தொடங்கியது. அலுங்கு நாவல் மரத்தில் ஏறியது. பழைய கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. கீழே எல்லோரும் நனைந்தபடி கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆனாலும் ஒண்ணு சொல்லணும். மழையில பாக்க இன்னும் எடுப்பா இருக்கு" என்றது மயில்.

மரத்தடியில் எருமை ஒதுங்கி நின்றது. அதன் பின்புறத்தில் காய்ந்து கிடந்த களிமண் அலுங்கின் கண்ணில் பட்டது. மூன்று வாசல், கூடம், மூலையில் சின்னதாக ஓர் அறை. அலுங்கு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை அந்த அறையைக் கரைத்துக் கீழே இறக்கியது.

வாய் திறக்க வேண்டிய நேரத்தில் சுருண்டுகொள்கிறவரின் வீட்டை, வெளியே நிற்கிறவர்கள் பேசியே கட்டி முடித்துவிடுவார்கள்.