அரை மணி நேர நிழல்

“இன்னும் எத்தனை நாளைக்கு சாமி இப்படி வெயில்ல உட்காந்திருப்பீங்க?” என்று கேட்டார் ஏகாம்பரம்.

வெட்டிய புங்கமரத்தின் அடிக்கட்டை மேல் குரு மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்தார்.

குருவுக்கு நாற்பது வயதுதான். சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு. மடத்துக்கு ஏசி போட்ட தியான மண்டபம் கட்டிக் கொடுத்தவர் அவர். கட்டி முடித்துத் தெருவில் நின்று பார்த்தால், மரம் முகப்பை மறைத்தது. குரு காசிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வெட்டிவிட்டார். பக்தியோடுதான் வெட்டினார், அதில் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. குரு உள்ளே கால் வைக்க மறுக்கிறார்.

“ஒரு மரத்துக்காகவா சாமி? குப்பையும் காக்கா எச்சமும்தான் போட்டுது. வேற என்ன வேலை பார்த்துது?”

குரு பக்கத்துக் கட்டிடத்தைக் காட்டினார். அது ஏழைகள் வரும் சின்ன ஆஸ்பத்திரி.

“அங்க போய் பிரஷர் பார்த்துட்டு வாங்க.”

ஏகாம்பரத்துக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் போனார். செவ்வாய்க்கிழமை என்பதால் தகரக் கூரைக்குக் கீழே கர்ப்பிணிகள் வேர்த்து வழிய நின்றிருந்தார்கள்.

நர்ஸ் ரெஜினா அவர் கையில் பட்டையைச் சுற்றினாள்.

“நூத்தி அறுபது இருக்கு. மரத்தடியில அரை மணி நேரம் உட்காந்துட்டு வாங்க. மறுபடி பார்த்துட்டுத்தான் மாத்திரை.”

சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“பதினோரு வருஷப் பழக்கம் சார். அங்க உட்காந்து வந்தா பாதிப் பேருக்குத் தானா இறங்கிடும். போன செவ்வாய்க்கிழமையும் வாய் தவறிச் சொல்லிட்டேன். அஞ்சலைன்னு ஒரு பொண்ணு, எட்டு மாசம்.”

“சரி, அதுக்கென்ன?”

“மரந்தான் இல்லையேன்னு சொல்லப் பயந்துட்டா சார். நான் திட்டுவேன்னு நினைச்சு, அந்தக் கட்டை மேலயே உட்காந்திருக்கா. உச்சி வெயில். அரை மணி நேரம்னு சொன்னேன் இல்ல, அரை மணி நேரமும் உட்காந்திருக்கா. மயங்கி விழுந்த பிறகுதான் எனக்கே தெரியும்.”

ரெஜினா பட்டையை அவிழ்த்தாள்.

“குழந்தை தங்கல.”

பச்சைச் சேலை. ஏகாம்பரத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தப் பெண் எழுந்து மண்டபப் படிக்கு வந்து, “கொஞ்ச நேரம் உட்காந்துக்கட்டுமா ஐயா?” என்று கேட்டாள். புது டைல்ஸ், அழுக்காகும் என்று அவர்தான் விரட்டினார். அவள் மறுபேச்சுப் பேசாமல் கட்டைக்கே திரும்பிப் போனாள்.

அவர் வெளியே வந்து குருவின் முன்னால் நின்றார். கும்பிடக் கை எழவில்லை.

“மரக்கன்னு வைக்கிறேன் சாமி. தெரு முழுக்க வைக்கிறேன். மண்டபத்தையும் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கே திறந்து விட்டுடறேன்.”

“திறந்து விடுங்க. கன்னும் வைங்க. அது நிழல் குடுக்க எத்தனை வருஷம் ஆகும்?”

“பத்து... பன்னெண்டு வருஷம்.”

குரு கட்டையை விட்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அதுவரைக்கும் நீங்க நில்லுங்க.”

ஏகாம்பரம் கட்டை மேல் ஏறி நின்றார். மணி பன்னிரண்டு. குனிந்து பார்த்தார். அவருடைய நிழல் அவர் கால்களை விட்டு ஒரு சாண்கூடத் தள்ளி விழவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருத்தி கையில் சீட்டோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கே உட்காரலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.