ஹார்வெல் துரை கேட்ட சூப்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் ஜெபக்கூட்டத்து எஸ்தர் அக்கா. என் மூத்தவள் கைக்குழந்தையாக இருந்த மழைக்காலம் அது.

வெள்ளைக்காரர் காலத்தில் குன்னூர் மலையில் ஹார்வெல் துரை பங்களாவில் அன்னப்பழம் சமையல் வேலைக்கு இருந்தாள். பனி ஜன்னல் வழியே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொள்ளும். பகல்கூடக் கனவு மாதிரிதான் இருக்கும்.

ஒரு மத்தியானம் விருந்துக்கு வந்த டாக்டர் துரையிடம் ஹார்வெல், "முல்லிகட்டானி! பழைய இங்கிலீஷ் வார்த்தை. எங்கள் தாத்தா காலத்து சூப்" என்று அளந்தார்.

பரிமாறிக்கொண்டிருந்த அன்னப்பழம் சிரித்துவிட்டாள். "அது எங்க மிளகுத்தண்ணிதானே, துரை!"

துரைக்கு முகம் சிவந்தது. "உன் ஊர்ச் சரக்கு எதுவும் சேராமல் அந்த சூப்பை இப்போதே வை. இல்லையென்றால் மூட்டையைக் கட்டு."

அவளுக்குப் போக வேறு வீடு இல்லை. "ஆண்டவரே, நீர்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளிக் கிண்ணம் வந்தது. அதில் ஆவி எது, பனி எது என்று தெரியவில்லை. துரை ஒரு கரண்டி குடித்தார்.

"இது வெறும் வெந்நீர்!"

"துரை சொன்னபடிதான். எங்க மிளகு, எங்க சீரகம், எங்க புளி எல்லாத்தையும் விட்டுட்டேன். மிச்சம் இதுதான் இருந்துச்சு. தண்ணியும் எங்க ஓடைத் தண்ணிதான். அதை மட்டும் மன்னிச்சிடுங்க."

டாக்டர் துரை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "குடியும் ஹார்வெல், உம்ம தாத்தா சூப்!"

ஹார்வெல் கிண்ணத்தை மெல்லத் தள்ளி வைத்தார். "போ, மிளகைப் போட்டுக் கொண்டு வா" என்றார். அன்னப்பழம் அந்த வீட்டிலேயே இருந்தாள்.

கதை கேட்டது போதும் தாயி, நம் அடுப்பில் ரசம் நுரை கட்டிவிட்டது. கொஞ்சம் இறக்கி வை.