கொடுத்ததைத் திருப்பி வாங்காதவள்

புன்னையடித்துறை என்ற கடலோர ஊரில் நடந்தது இது. முடிவில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன். அதனால் எதையும் விட்டுவிடாமல் கேளுங்கள்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்த செலஸ்தீனா, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு ஒரு நேர்ச்சை செய்தாள். வீட்டில் எது இரண்டாக இருந்தாலும் ஒன்றை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவது. கொடுத்ததைத் திரும்பத் தொடாமலிருப்பது.

கணவன் கஸ்மீர் சிரித்தான். "நல்லவேளை, புருசன் ஒருத்தன்தான். நான் தப்பிச்சேன்."

கட்டில் போயிற்று, மின்விசிறி போயிற்று, கல்யாணச் சேலைகளில் ஒன்று போயிற்று. மூன்றாம் வாரத்தில் வீட்டுக்குள் பேசினால் எதிரொலித்தது. கோயிலில் பெண்கள் அவளைக் காட்டித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது அவளுக்கு இனித்தது.

சுவரில் இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கின. ஒன்று கஸ்மீருடையது. மற்றது அவனோடு கடலுக்குப் போய்வந்த அவள் தம்பி ரெஜிஸுடையது. அவன் கொல்லத்துக்கு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. தம்பியின் ஜாக்கெட்டை எடுத்து, கட்டுமரத்தில் தனியாகத் தொழிலுக்குப் போகும் பர்க்மான்ஸுக்குக் கொடுத்தாள். பத்தே நாளில் அவன் மரம் அலையில் புரண்டது. அந்த ஜாக்கெட்தான் அவனை மிதக்கவைத்துக் கரை சேர்த்தது. பர்க்மான்ஸ் வந்து வாசலில் நின்று அழுதான். ஆண்டவர் தன் நேர்ச்சையை ஏற்றுக்கொண்டார் என்று செலஸ்தீனா நினைத்தாள்.

ஐந்தாம் வாரம் ரெஜிஸ் விடுப்பில் வந்தான். மறுநாளே அத்தானோடு கடலுக்குப் போகப் புறப்பட்டான். அன்று விடியற்காலையில் அலைச் சத்தமே இல்லை. கடல் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. தெற்கே வானம் கன்றிப்போயிருந்தது.

போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடி பர்க்மான்ஸ் வந்தான்.

"மைனி, எனக்குக் காய்ச்சல். இன்னைக்கு மரம் இறக்கல. வானமும் சரியில்ல. இதை ரெஜிஸ் போட்டுக்கிடட்டும். சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுதேன்."

அவள் கை நீண்டது. பிறகு தானாக மடங்கியது.

"ஆண்டவருக்குன்னு கொடுத்தது. திருப்பி வாங்கினா என் தவம் என்னத்துக்கு ஆகும்? கொண்டு போ."

கஸ்மீர் அவளைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். அவள் நேர்ச்சையைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. தன் ஜாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தான்.

நண்பகலில் காற்று திரும்பியது. மாலையில் வேறு படகுக்காரர்கள் ரெஜிஸைத் தூக்கிவந்து மணலில் கிடத்தினார்கள். அவன் உடம்பில் கஸ்மீரின் ஜாக்கெட் இருந்தது. மூச்சு திரும்பியதும் அக்காவிடம் சொன்னான்:

"படகு கவிழுறதுக்கு முன்னாலயே கழட்டி எனக்கு மாட்டிவிட்டுட்டாரு. வேண்டாம்னேன். 'உன்ன விட்டுட்டு வந்து உங்கக்கா மூஞ்சிய எப்பிடிலே பாப்பேன்'னாரு."

கஸ்மீரின் உடல் மூன்று நாள் கழித்துக் கரை ஒதுங்கியது.

செலஸ்தீனா கொடுத்தாள், சொன்ன சொல் தவறவில்லை. பர்க்மான்ஸ் பெற்றதைக் கொண்டுவந்து நீட்டினான், வேண்டாம் என்றதும் திரும்பிப்போனான். கஸ்மீர் தன்னிடமிருந்த ஒன்றையும் கழற்றிக் கொடுத்தான். அவள் கொடுக்காமல் இருந்திருந்தால் பர்க்மான்ஸ் இன்று உயிரோடு இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். இதில் யார் செய்தது சரி? யார் செய்தது தவறு?

விடை: கொடுத்தது தவறில்லை. கஸ்மீர் தனக்குரியதை, தன் உயிரையே கொடுத்தான். அதற்குமேல் கொடை இல்லை. பர்க்மான்ஸும் செய்ய வேண்டியதைச் செய்தான். தவறு, செலஸ்தீனா கையை மடக்கிய அந்தக் கணத்தில் நடந்தது. வெறுங்கையாக வாழத் துணிந்தவள், அந்தக் கையை இன்னொருவர்முன் நீட்டக் கூசினாள். தன் பொருளையெல்லாம் துறந்தாள். கொடுப்பவள் என்ற பேரை மட்டும் துறக்கவில்லை. அதற்குக் கொடுத்த விலையோ அவளுடைய உயிர் அல்ல. பெரிய வெள்ளியன்று பக்கத்து வீட்டுக்காரி கஞ்சி கொண்டுவந்தாள். செலஸ்தீனா எழுந்து வாசலுக்கு வந்தாள். பிறகு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.