மூன்றாம் ஓலை

"அக்கா, ஒருத்தன்கிட்டக் கல்யாணம் பண்ணிக்கோன்னு சொன்னது தப்பா?"

போதகர் ஞானதுரை தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை.

தயாவதியக்கா கொசுவலையில் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்க."

குடித்தார்.

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தார்.

ஆற்றங்கரையில் நாலு குடிலும் ஒரு ஜெபக்கூடமும். அவ்வளவுதான் அந்த ஆசிரமம். களைத்துப்போன போதகர்கள் அங்கே வருவார்கள். அக்கா பிரசங்கம் செய்வதில்லை. வேலை கொடுப்பார். ஞானதுரை ஒன்பது வருஷமாக வருகிறார். பாத்திரம் துலக்கியிருக்கிறார், கிணறு தூர் வாரியிருக்கிறார். பதில் கிடைத்தது குறைவு.

"யாருக்குக் கல்யாணம்?"

"எங்க சபையில அருமைராஜ்னு ஒருத்தன். மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கான். நாற்பத்தொரு வயசு. ஆவணியில என்கிட்ட வந்தான். 'ஐயா, எனக்குப் பொம்பளைங்க மேல மனசு போகாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். லாசரும் நானும் பதினோரு வருஷமா ஒண்ணா வாழுதோம்'னு சொன்னான்."

"லாசர்?"

"கடையில கூட்டாளி. ஊர்ல அப்படித்தான் நினைச்சிட்டிருக்காங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவன் தலையில கை வச்சு ஜெபம் பண்ணினேன். ஒரு கல்யாணத்தைப் பண்ணு, எல்லாம் சரியாயிரும்னு சொன்னேன். அவங்க அம்மாட்ட நானே பேசினேன். பொண்ணும் நான்தான் பார்த்தேன். எப்சிபாய்னு பேரு, பக்கத்து ஊரு. பால்வாடி டீச்சர். நல்ல பிள்ளை."

"பிறகென்ன? நல்ல காரியம்னு போய்ட்டே இருக்க வேண்டியதுதானே."

போதகர் வலையைப் பார்த்தபடி பேசினார்.

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சு அக்கா. ரெண்டு தடவையும் அவன் என்னையே பார்த்துக்கிட்டிருந்தான். கோவமாப் பார்த்தாக்கூடப் பரவாயில்ல."

"எப்படிப் பார்த்தான்?"

"டாக்டர் ஊசியை எடுக்கும்போது பிள்ளைங்க பார்க்குமே. அப்படி."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை மணமக்களின் பெயரைச் சபையில் வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். அதற்குத்தான் ஓலை.

மூன்றாவது ஓலை நாளை மறுநாள்.

"வேதத்துல எழுதியிருக்கே அக்கா."

"ஆமா, எழுதியிருக்கு."

"நீங்க என்ன சொல்லுதீங்க?"

"வலையை இழுத்துப் பிடிங்க. தொய்யுது."

இழுத்துப் பிடித்தார்.

"மனுஷன் தனியா இருக்கது நல்லதில்லன்னு கடவுளே சொல்லியிருக்காரு. அதை நினைச்சுத்தான் சொன்னேன்."

"அவன் தனியாவா இருக்கான்?"

ஊசி இரண்டு தரம் போய் வந்தது.

"அவங்க கடைக்குப் போயிருக்கீங்களா?"

"நம்ம சபைக் கோயில் மோட்டார் புகைஞ்சப்போ போனேன். ஒரு மத்தியானம் முழுக்க உக்காந்திருந்தேன்."

"என்ன பார்த்தீங்க?"

"என்ன பார்க்க? வேலை செஞ்சிக்கிட்டிருந்தாங்க."

"வேற?"

போதகர் யோசித்தார்.

"லாசருக்குச் சுகர். டீ வந்தா அருமைராஜ் ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டுத்தான் அவன்கிட்டக் குடுப்பான். டீக்கடைக்காரர் மறந்து சீனி போட்டுருவாராம். 'பதினோரு வருஷமா என் டீயை எச்சில் பண்ணுதான் ஐயா, நீங்க கேக்க மாட்டீங்களா'ன்னு லாசர் என்கிட்டப் புகார் சொன்னான்."

அக்கா சிரித்தார். போதகரும் சிரித்துவிட்டார்.

"வேற?"

"கம்பி தலைமுடி மாதிரி இருக்கும் அக்கா. கண்ணாடி இல்லாம பார்க்க முடியாது. ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணாடிதான். ஒருத்தன் கழட்டினா மற்றவன் மாட்டிக்கிடுவான்."

"யாரோட கண்ணாடி?"

"தெரியல." வலையின் முனையை மாற்றிப் பிடித்தார். "அவங்களுக்கே தெரியாதுன்னு நினைக்கேன்."

"அங்க பாவம் எதுவும் தெரிஞ்சுதா?"

"அப்போ எனக்கு விஷயம் தெரியாதே."

"அதனாலதான் கேக்கேன்."

நூல் தீர்ந்துவிட்டது. அக்கா புது நூல் கோத்தார். கண் தெரியவில்லை. மூன்றாம் தடவைதான் நுழைந்தது. உதவ வந்த கையை வேண்டாம் என்று தள்ளினார்.

"ஆவணியில வந்தவன் என்ன கேட்டான்?"

"சொன்னேனே அக்கா."

"அவன் சொன்னதைச் சொன்னீங்க. கேட்டதைச் சொல்லல."

ஞானதுரை வலையின் முனையைக் கீழே வைத்தார். பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை லாசர்தான் அவனை பைக்ல கொண்டுவந்து விடுவான். உள்ள வரமாட்டான். ஆராதனை முடியிற வரைக்கும் வெளியே வேப்பமரத்தடியில நிப்பான். மழை பெய்தாலும் அங்கதான். 'ஐயா, அவன் உள்ள வந்து என் பக்கத்துல உக்காரலாமா'ன்னு கேட்டான்."

"அதுக்குத்தான் கல்யாணம் பண்ணச் சொன்னீங்களா?"

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"ஓலை கையில இருக்கா?"

"பைபிளுக்குள்ள இருக்கு."

"எடுத்துக்கிட்டு வாங்க."

ஜெபக்கூடத்தில் யாரும் இல்லை. அக்கா பாயில் சுவரோரமாக உட்கார்ந்தார். போதகர் முன்னால் போய் நின்றார்.

"வாசிங்க. சபையில எப்படி வாசிப்பீங்களோ, அப்படியே."

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேலைத்தெருவைச் சேர்ந்த காலம்சென்ற தவசிமுத்துவின் குமாரன் அருமைராஜுக்கும், இடையன்குளம் ஆபேலின் குமாரத்தி எப்சிபாய்க்கும் திருமணம் செய்விக்க இருக்கிறோம். அவ்விருவரும் இணைவதற்கு நியாயமான தடை எதுவும் உங்களில் எவருக்கேனும் தெரிந்திருந்தால், இப்பொழுதே தெரிவிக்க வேண்டும். இது மூன்றாம் முறை."

காகிதத்தை மடித்தார்.

"மடிச்சிட்டீங்க."

"முடிஞ்சிட்டே அக்கா."

"கேள்வி கேட்டீங்களே."

"அது வழக்கம். யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தரும் எழுந்ததில்ல. வாசிச்ச கையோட பாட்டுக்குப் போயிருவோம்."

"இன்னொரு தரம் வாசிங்க. இந்தத் தடவை காத்திருங்க."

பிரித்தார். வாசித்தார். காத்திருந்தார்.

கூரையில் ஒரு அணில் ஓடியது. எங்கோ வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடியிருந்தார். பாயில் வேறு யாரும் இல்லை.



ஞானதுரை காகிதத்தை இறக்கினார்.

"அவன் என்னை நம்பிச் சொன்னது அக்கா. நான் வெளியே சொல்லக் கூடாது."

"சொல்லச் சொன்னேனா?"

"பிறகு?"



ஞானதுரை முன்னாலிருந்த படியில் உட்கார்ந்தார். 

"தெரிஞ்சே வாசிச்சவங்க யாராவது இருப்பாங்களா?"

"இருந்தாங்க. என் ஓலையை அப்படித்தான் வாசிச்சாங்க."

அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது என்பதே அவருக்குத் தெரியாது. ஒன்பது வருஷத்தில் அக்கா சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

"எங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன். முப்பது வருஷம் கூட வாழ்ந்தேன். ஒரு நாள் கை ஓங்கினதில்ல. ஒரு நாள் கையைப் பிடிச்சதும் இல்ல."

பாயில் பிரிந்திருந்த கோரை ஒன்றை அக்கா விரலால் உள்ளே தள்ளினார்.

"கோயில்ல மூணாவது தூணுக்குப் பக்கத்துல ஒருத்தர் உக்காருவார். அவர் வராத ஞாயித்துக்கிழமை இவருக்குப் பாட்டு வராது. புஸ்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். எனக்கு முதல்ல புரியல. புரிஞ்ச பிறகு, கோயிலுக்குள்ள போனதும் நான்தான் முதல்ல அந்தத் தூணைப் பார்ப்பேன். அவர் வந்திருக்கணுமேன்னு."

போதகருக்குக் கோபம் வந்தது.

"தெரிஞ்சுக்கிட்டு அந்தப் போதகர் எப்படி அக்கா வாசிச்சாரு? தன் பொண்ணா இருந்தாக் கொடுத்திருப்பாரா?"

"கொடுத்தாரே."

"யாரு?"

"வாசிச்சவர் எங்க அப்பா."

பம்புசெட் நின்றுபோயிருந்தது.

"கல்நெஞ்சக்காரர்னு நினைச்சிராதீங்க. மூணு நாள் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணிட்டுத்தான் கொடுத்தாரு. சரியாயிரும்னு நம்பினாரு. உங்களை மாதிரியே."

ஞானதுரை முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நான் என்ன செய்யட்டும்?"

அக்கா சுவரைப் பிடித்து எழுந்தார்.

"கேட்டீங்கன்னா, காத்திருங்க." வாசலைத் தாண்டியதும் திரும்பினார். "இன்னும் ஒரு ஓட்டை பாக்கியிருக்கு. வந்து முனையைப் பிடிங்க."

*

சனிக்கிழமை காலை ஞானதுரை கடைக்குப் போனார்.

லாசர் கண்ணாடி போட்டுக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்தான்.

"நான் வெளியே நிக்கேன் ஐயா. நீங்க பேசுங்க."

"நீயும் இரு."

அருமைராஜ் பழைய துணியில் கையைத் துடைத்தான். விரலிடுக்கில் வார்னிஷ் போகவில்லை.

"நாளைக்குத்தானே ஐயா கடைசி ஓலை?"

போதகர் காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதை நான் வாசிக்கப்போறதில்ல அருமை. உனக்கு இந்தக் கல்யாணம் வேணும்னா வேற சபை ஐயரைத்தான் பார்க்கணும்."

அருமைராஜ் காகிதத்தைத் தொடவில்லை.

"நான் எப்ப வேணும்னேன்? நீங்க சொன்னீங்க. அம்மா அழுதா."

"அம்மாகிட்ட நான் பேசுதேன்."

"என்ன தடைன்னு கேட்டா?"

"நான்தான்னு சொல்லுதேன்."

லாசர் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"எப்சிபாய்கிட்ட நானே சொல்லணும் ஐயா," என்றான் அருமைராஜ். "அவளுக்குத் தெரியணும். என் வாயால."

"சொல்லு. நானும் கூட வாரேன்."

கிளம்பியவர் கதவருகே நின்றார்.

"ஆவணியில நீ ஒண்ணு கேட்டே. நான் வேற எதுக்கோ பதில் சொல்லிட்டேன்."

அருமைராஜுக்கு நினைவிருந்தது. 

"உக்காரலாம்," என்றார் போதகர்.

லாசர் கண்ணாடியை எடுத்து வேட்டி முனையால் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான்.

"சபைல என்ன சொல்லுவாங்களோ ஐயா."

"அது எனக்கும் தெரியாது."

மத்தியானம் போதகரும் அருமைராஜும் இடையன்குளம் போனார்கள். எப்சிபாய் முழுவதையும் நின்றபடியே கேட்டாள். அழவில்லை. உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அருமைராஜிடம் கொடுத்தாள்.

"மூணாவது ஓலைக்கு முன்னால சொன்னீங்களே," என்றாள். பிறகு போதகரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா ஐயா, முதல் ஓலை வாசிக்கும்போதே?"

"தெரியும்."

அவருக்கு அவள் தண்ணீர் கொடுக்கவில்லை.

அருமைராஜின் அம்மாவிடம் பேசி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் செத்த பிறகு அவனுக்கு யாரு ஐயா சோறு போடுவா?"

"இப்ப யாரும்மா போடுதா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை. வேதத்திலிருந்து இரண்டாம் பாடம் வாசித்து முடிந்தது. ஓலை வாசிக்கும் நேரம்.

போதகர் எழுந்து முன்னால் வந்தார். கையில் காகிதம் இல்லை.

சபை மூப்பர் குனிந்து கிசுகிசுத்தார். "ஐயா, ஓலை இருக்கே."

"இல்ல."

"மூணாவது ஓலை ஐயா. அருமைராஜுக்கு."

"தடை வந்திருக்கு."

முன்வரிசை நிமிர்ந்தது. மூப்பரின் குரல் தன்னையறியாமல் உயர்ந்தது.

"யாரு சொன்னா?"

"கேட்டதும் நான்தான். சொன்னதும் நான்தான்."

பாட்டுப் புஸ்தகத்தின் பக்கங்கள் புரளும் சத்தம் எழுந்து அடங்கியது. அடுத்து பாட்டு. போதகர் எண்ணைச் சொல்லவில்லை.

அப்படியே நின்றார்.

யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை சிணுங்கியது. அருமைராஜின் அம்மா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போதகரைப் பார்த்தார்.

போதகர் காத்திருந்தார்.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

அருமைராஜ் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டான்.